9 வயசுல சக்கரப் படுக்கை, 22-ல் கிராண்ட் ப்ரீ வெற்றி, 32-ல் மரணம்: ஷெட்டில் கார் கட்டி அமெரிக்காவை ஜெயித்த புரூஸ் மெக்லாரன்

ஃபார்முலா 1 பந்தயத்தை மொபைலில் பார்ப்பவர்களுக்குப் பப்பாளி நிற காரை அடையாளம் காட்டத் தேவையில்லை. மெக்லாரன். 2024-ல், 26 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை மறுபடியும் தூக்கிய டீம்.

ஆனா மெக்லாரன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெயருக்கு முதலில் காசும் புகழும் வாங்கிக் கொடுத்தது ஃபார்முலா 1 இல்லை என்பது அதைவிடக் குறைவானவர்களுக்கே தெரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தொடர்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. அவருடைய உயிர் போனதும் அந்தத் தொடருக்கான காரை ஓட்டிப் பார்த்தபோதுதான்.

யார் இந்த புரூஸ் மெக்லாரன்? பெரிய கார் கம்பெனிகள் மோதிய இடத்தில் ஒரு சின்ன பட்டறை எப்படி ஜெயித்தது? விரிவாகப் பார்க்கலாம்.

படுக்கையில் கிடந்த சிறுவன்

புரூஸ் பிறந்தது 1937 ஆகஸ்ட் 30-ல், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில். அப்பா லெஸ் பெட்ரோல் பங்க்கும் ஒர்க்‌ஷாப்பும் நடத்தி வந்தார். பைக் ரேஸிலும் ஆர்வம் உள்ளவர். கிரீஸ் வாசனையிலேயே வளர்ந்த பையனுக்கு 9 வயசுல இடி விழுந்தது. இடுப்பு எலும்பைப் பாதிக்கும் பெர்தெஸ் நோய்.

அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம் என்றால் அசையாமல் படுத்திருப்பதுதான். குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் சக்கரம் வைத்த படுக்கையில் ஏறக்குறைய 2 வருஷம் கிடந்தார் புரூஸ். எழுந்து நடந்தபோது இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கடைசி வரை லேசாக நொண்டித்தான் நடந்தார். மைதான விளையாட்டு எல்லாம் கனவாகப் போனது.

கார் அப்படி இல்லை. அதை ஓட்ட ரெண்டு காலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பழைய ஆஸ்டின் 7 அல்ஸ்டர் கார் ஒன்றை அப்பா மோசமான நிலையில் வாங்கி வந்தார். சரி செய்து விற்பதுதான் திட்டம். பையன் விடவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பிரித்து மாட்டினார்கள். பதின்ம வயதிலேயே அதே காரில் மலைப்பாதைப் பந்தயத்தில் இறங்கினார் புரூஸ்.

ஒரு கார் ஏன் அப்படி ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கையால் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட டிரைவர் அவர். அவருடைய மொத்த வாழ்க்கைக்கும் சாவி இதுதான்.

ஐரோப்பா அழைத்தது

திறமையான உள்ளூர் டிரைவர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்ப நியூசிலாந்தில் ஒரு உதவித்திட்டம் தொடங்கினார்கள். 1958-ல் அதற்கு முதன்முதலில் தேர்வானவர் புரூஸ். அடுத்த வருஷமே கூப்பர் அணியின் ஃபார்முலா 1 டிரைவர். 1959 டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த கிராண்ட் ப்ரீயில் அவர் முதலிடம் பிடித்தபோது வயது 22. 1960-ல் உலக சாம்பியன் பட்டியலில் இரண்டாம் இடம். 1962-ல் மொனாக்கோவில் வெற்றி.

வேற ஒருத்தராக இருந்தால் அதோடு செட்டில் ஆகியிருப்பார். புரூஸுக்கு அடுத்தவர் கட்டிய காரை ஓட்டிக்கொண்டே இருப்பதில் திருப்தி இல்லை. 1963-ல் சொந்தப் பெயரில் ஒரு ரேஸிங் கம்பெனி தொடங்கினார்.

தொடக்கமே சோகம். 1964 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த பந்தயப் பயிற்சியில் அவருடைய அணியின் அமெரிக்க டிரைவர் டிம்மி மேயர் விபத்தில் இறந்தார். டிம்மியின் அண்ணன் டெடி மேயர் ஒரு வக்கீல். தம்பியைப் பறிகொடுத்த அதே அணியில் அவர் தொடர்ந்து இருந்து, கணக்கு வழக்கையும் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டார். டைலர் அலெக்ஸாண்டர் என்ற அமெரிக்க மெக்கானிக்கும் கூடவே வந்தார். நியூசிலாந்துக்காரர்கள், அமெரிக்கர்கள், ஆங்கிலேயர்கள் எல்லாம் கலந்த ஒரு சின்ன கூட்டம் லண்டன் பக்கத்தில் ஒரு ஷெட்டில் வேலையை ஆரம்பித்தது.

சேஸிஸ் பில்டர்னா யாரு?

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம்மூரில் லாரி எப்படித் தயாராகிறது? எஞ்சினும் சேஸிஸும் பெரிய கம்பெனியிலிருந்து வரும். கேபினையும் பாடியையும் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கட்டுவார்கள். கரூரில் பஸ் பாடி கட்டுவதும் அப்படித்தான்.

1960-களின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் இது தலைகீழ். எஞ்சினை மட்டும் செவர்லே, ஃபோர்ட், ஓல்ட்ஸ்மொபைல் போன்ற பெரிய கம்பெனிகளிடம் வாங்கலாம். காரின் எலும்புக்கூடான சேஸிஸ், சஸ்பென்ஷன், மேல் பாடி எல்லாவற்றையும் தனியாக ஒருவர் வடிவமைத்துக் கட்டுவார். அவர்தான் சேஸிஸ் பில்டர். ஒரே செவர்லே எஞ்சின் நாலு பேர் காரில் இருக்கும். ஜெயிப்பது யார் என்பதை அந்த எஞ்சினைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறார்கள் என்பது முடிவு செய்யும்.

புரூஸ் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஒரு செகண்ட் ஹேண்ட் காரில். அமெரிக்கரான ரோஜர் பென்ஸ்கி, விபத்தில் அடிபட்ட ஒரு கூப்பர் ஃபார்முலா காரை வாங்கி, சக்கரங்களை மூடும்படி மேல் பாடி போட்டு, அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று பந்தயத்தில் இறக்கினார். ரூல்படி ரெண்டு சீட் வேண்டும். டிரைவர் நடுவில் உட்கார, பக்கத்தில் பேருக்கு ஒரு குட்டி சீட்டை வைத்து மூடிவிட்டார். அந்தக் காரின் பெயர் ஸெரெக்ஸ் ஸ்பெஷல். அது ஜெயித்துக்கொண்டே போனதும் மற்றவர்கள் கொதித்தார்கள். அடுத்த சீசனில் விதி இறுக்கப்பட்டது.

1964-ல் அந்தக் கார் புரூஸ் கைக்கு வந்தது. பலமுறை வெட்டி ஒட்டியதில் அதன் நடுப்பகுதி வலுவிழந்திருப்பதைக் கண்டுபிடித்தார். நடுப்பகுதியைப் புதிதாகக் கட்டி, ஓல்ட்ஸ்மொபைலின் அலுமினிய வி8 எஞ்சினைப் பொருத்தினார். கனடாவின் மாஸ்போர்ட் களத்தில் அதை ஓட்டி ஜெயித்தார். அதே ஆண்டில் முழுக்க முழுக்கச் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது. பெயர் எம்1ஏ.

லெ மான்: சினிமாவில் பார்த்த அந்த ஃபினிஷ்

'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்தவர்களுக்கு 1966 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கும். மூன்று ஃபோர்ட் கார்கள் வரிசையாகக் கோட்டைத் தாண்டும். வெற்றி கென் மைல்ஸ், டென்னி ஹல்ம் ஜோடிக்குப் போகாமல் வேறு காருக்குப் போகும். அந்த வேறு காரை ஓட்டியவர்கள் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும்.

தொடக்க வரிசையில் அவர்கள் கார் பின்னால் நின்றதால், 24 மணி நேரத்தில் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடியதாகக் கணக்கிடப்பட்டது. படத்தில் ஓரமாக வந்து போகும் அந்த மனிதர், நிஜத்தில் அதே ஆண்டு ரெண்டு பெரிய வேலைகளைத் தொடங்கியிருந்தார். ஒன்று, சொந்த ஃபார்முலா 1 அணி. இன்னொன்று, கேன்-ஆம்.

கேன்-ஆம்: ரூல்ஸ் கிட்டத்தட்ட கிடையாது

கனடா, அமெரிக்கா ரெண்டு நாட்டுப் பெயரையும் சுருக்கி வைத்ததுதான் கேன்-ஆம். 1966-ல் தொடங்கியது. மற்ற பந்தயங்களில் எஞ்சின் அளவு, எடை, இறக்கை என எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. இங்கே எஞ்சின் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். சக்கரத்தை மூட வேண்டும், பேருக்கு ரெண்டு சீட் வேண்டும். பெரிய கட்டுப்பாடுகள் அவ்வளவுதான். பரிசுப் பணமும் கொட்டியது.

போட்டியாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இங்கிலாந்தின் லோலா, சேஸிஸ் கட்டி விற்பதில் கில்லாடி. டெக்ஸாஸின் ஜிம் ஹால் தன் சாபரால் கார்களில் யாரும் நினைக்காத உத்திகளைக் கொண்டுவந்தார். காருக்கு மேலே உயரமான இறக்கையை நிறுத்தியவர் அவர். ஃபோர்டும் ஃபெராரியும் போர்ஷேயும் அவ்வப்போது எட்டிப் பார்த்தன.

முதல் சீசனில் 6 பந்தயங்கள். லோலா கார்கள் 5 வென்றன. சாபரால் 1. மெக்லாரன் அணிக்குப் பூஜ்ஜியம்.

தோல்விக்கு அப்புறம் என்ன செய்தார்?

வெறுமனே இன்னும் பெரிய எஞ்சினைத் தேடி ஓடவில்லை புரூஸ். விமானத் துறை ஆராய்ச்சியிலிருந்து வந்த ராபின் ஹெர்ட் என்ற இளம் பொறியாளரோடு உட்கார்ந்தார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூண்டுக்குப் பதிலாக, அலுமினியத் தகட்டால் பெட்டி போன்ற உடலைக் கட்டினார்கள். இதற்கு மோனோகாக் என்று பெயர். பிஸ்கட் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். தகடு மெல்லிசுதான். ஆனா மூடிய பெட்டியாக இருக்கும்போது சுலபமாக முறுக்க முடியாது. எடை குறைவு, உறுதி அதிகம். அந்தக் கார்தான் 1967-ன் எம்6ஏ. பப்பாளி நிறம் பூசியதும் அந்தக் காரில்தான்.

அதைவிட முக்கியம் டெஸ்டிங். இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் 1966-ல் பந்தயங்கள் நின்றுபோயிருந்தன. அந்தக் காலிக் களத்தில் மெக்லாரன் கார் ஓடியது. சீசன் தொடங்க செப்டம்பர் ஆகும். கார் கோடையிலேயே தயார். மற்ற அணிகள் முதல் பந்தயத்தில்தான் தங்கள் காரின் கோளாறைக் கண்டுபிடித்தன. மெக்லாரன் அணி அதையெல்லாம் ஆளில்லாத குட்வுட்டில் முன்கூட்டியே பார்த்துவிட்டது. ஓட்டிப் பார்த்தவர் பெரும்பாலும் புரூஸ்தான். ஸ்டியரிங்கில் உணர்வதை மெக்கானிக்குக்குப் புரியும் மொழியில் சொல்லத் தெரிந்த முதலாளி அவர்.

ரிசல்ட்?

- 1967: 6 பந்தயங்களில் 5 வெற்றி. சாம்பியன் புரூஸ்.
- 1968: 6 பந்தயங்களிலும் ஜெயித்தது மெக்லாரன் கட்டிய கார்கள். சாம்பியன் டென்னி ஹல்ம்.
- 1969: 11-க்கு 11. புரூஸ் 6, ஹல்ம் 5. சாம்பியன் மறுபடியும் புரூஸ்.

ஹல்ம் யார் என்றால், 1966 லெ மானில் வெற்றியைக் கோட்டை விட்ட அதே டென்னி ஹல்ம். அவரும் நியூசிலாந்துக்காரர். 1967-ல் ஃபார்முலா 1 உலக சாம்பியன். இந்த ரெண்டு பேரும் சேர்ந்து பந்தயங்களை மாறி மாறி அள்ளியதால், கேன்-ஆம் தொடரையே புரூஸ்-டென்னி ஷோ என்று ரசிகர்கள் கிண்டலாக அழைத்தார்கள்.

எதிரிக்கே கார் விற்றவர்

1968 கணக்கில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அந்த 6 வெற்றிகளில் அணியின் சொந்த டிரைவர்கள் பெற்றது 4 தான். மற்ற ரெண்டும் மெக்லாரன் காரை வாங்கி ஓட்டிய வெளியாட்களுடையது. மழை கொட்டிய லகுனா செக்கா பந்தயத்தில், பழைய மாடல் மெக்லாரன் காரை ஓட்டிய ஜான் கேனன் எல்லோரையும் முந்தினார். முதலாளியின் புத்தம்புது கார் அன்று பின்னால் வந்தது.

இது புரூஸின் பிசினஸ் மாடல். தன் அணியின் வெற்றிக் கார்களின் நகல்களை டிரோஜன் என்ற கம்பெனி மூலம் தயாரித்து, மற்ற பந்தயக்காரர்களுக்கு விற்றார். அவர்கள் போன வருஷ காரை வாங்குவார்கள். புரூஸ் அதற்குள் புது கார் கட்டியிருப்பார். விற்ற பணமும் கேன்-ஆம் பரிசுப் பணமும் ஃபார்முலா 1 அணியை வளர்க்க உதவின. 1968 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் புரூஸ் தன் பெயர் கொண்ட ஃபார்முலா 1 காரில் ஜெயித்தார். கடைசிச் சுற்றில் முன்னால் போன காருக்கு பெட்ரோல் தீர்ந்துவிட்டது தெரியாததால், தான் ஜெயித்ததே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

காற்றை நம்பிய கார்

திசையன்விளை, ராதாபுரம் பக்கம் ஆடி மாதக் காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு, காற்று வெறும் காற்று இல்லை என்பது நல்லாவே தெரியும். வண்டியையே தள்ளும். அங்கே காற்றாலை இறக்கையைச் சுற்றுவதும் அதே விசைதான். பந்தயக் காரில் இறக்கையைக் கவிழ்த்து வைத்தால், வேகமாக வரும் காற்று காரைத் தரையோடு அழுத்தும். டயர் பிடிமானம் கூடும். வளைவில் வேகத்தை அவ்வளவாகக் குறைக்க வேண்டியதில்லை.

1969 கார்களில் இந்த இறக்கை உயரமான கம்பிகள் மேல், நேரடியாக சஸ்பென்ஷனில் நின்றது. ஃபார்முலா 1-ல் இப்படிப்பட்ட இறக்கைகள் முறிந்து விபத்துகள் நடந்ததால் தடை வந்தது. 1970-க்கு கேன்-ஆமிலும் உயர இறக்கை கூடாது என்றார்கள். எனவே புதிய எம்8டி காரில் இறக்கை தாழ்ந்து, பின்பக்க பாடியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. பின் பாடியின் ரெண்டு ஓரமும் துடுப்பு போல உயர்ந்து அதைத் தாங்கின.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருந்தது. இறக்கை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்றால், பாடி கழன்றால் இறக்கையும் போய்விடும்.

1970 ஜூன் 2

அந்த வருஷம் அணிக்கு ஏற்கெனவே ஒரு அடி விழுந்திருந்தது. மே மாதம் இண்டியானாபோலிஸ் பயிற்சியில் எரிபொருள் தீப்பிடித்து டென்னி ஹல்மின் ரெண்டு கையும் கருகிவிட்டன. கேன்-ஆம் சீசன் தொடங்க ரெண்டு வாரம்கூட இல்லை. ஜூன் 2-ம் தேதி குட்வுட்டில் எம்8டி காரைச் சோதிக்க புரூஸ் தானே உட்கார்ந்தார்.

அதிவேகத்தில் வரும்போது பின்பக்க பாடி மேலெழும்பிக் கழன்று பறந்தது. இறக்கையும் அதோடு போனது. பின் சக்கரங்களை அழுத்திக்கொண்டிருந்த விசை ஒரே நொடியில் இல்லாமல் போக, கார் சுழன்று, கொடி காட்டுபவர்களுக்கான பழைய கான்கிரீட் மேடையில் மோதியது. புரூஸ் அங்கேயே இறந்தார். வயது 32. மனைவியும் சிறு மகளும் இருந்தார்கள்.

எஞ்சின் கோளாறு இல்லை. டிரைவர் தப்பு இல்லை. பாடி பிடிமானம் விட்டதில் ஒரு உயிர் போனது. அதுவும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் பந்தயத்தில் இல்லை, ஆளில்லாத களத்தில் ஒரு சாதாரண வேலை நாளில். அவரை ஜெயிக்க வைத்த டெஸ்டிங்கே அவரை எடுத்துக்கொண்டது.

மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொன்னார்கள். எல்லோரும் வந்தார்கள்.

விபத்து நடந்து 12-வது நாள், 1970 கேன்-ஆமின் முதல் பந்தயம் கனடாவின் மாஸ்போர்ட்டில் நடந்தது. புரூஸ் ஓட்ட வேண்டிய இடத்தில் டான் கர்னி உட்கார்ந்து ஜெயித்தார். கையில் கட்டுகளோடு ஓட்டிய ஹல்ம் மூன்றாம் இடம். அந்த சீசனின் 10 பந்தயங்களில் 9-ஐ அணி வென்றது. ஹல்ம் சாம்பியன். 1971-ல் பீட்டர் ரெவ்சன் சாம்பியன். தொடர்ந்து 5 பட்டங்கள்.

பட்டறைகளின் காலம் முடிந்தது எப்படி?

விதிகள் இல்லாத களம் முதலில் சின்ன பட்டறைக்குத்தான் சாதகமாக இருந்தது. யோசனை இருந்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனா அதே கதவு வழியாகப் பெரும் பணமும் உள்ளே வரலாம் இல்லையா? 1972-ல் அதுதான் நடந்தது. போர்ஷே, டர்போ எஞ்சின் பொருத்திய 917/10 காரை ரோஜர் பென்ஸ்கி அணி மூலம் இறக்கியது. ஆம், அந்த ஸெரெக்ஸ் ஸ்பெஷல் பென்ஸ்கிதான். அந்த ஆண்டு பட்டம் போர்ஷேவுக்கு. மெக்லாரன் அணி கேன்-ஆமை விட்டு விலகியது.

1973-ல் வந்த போர்ஷே 917/30 ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. வாங்கிய எஞ்சினைச் சுற்றிக் கார் கட்டும் பட்டறைகளால் ஒரு பெரிய தொழிற்சாலையின் செலவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. போட்டி குறைந்தது, எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. 1974-ல் பழைய கேன்-ஆம் பாதியிலேயே முடிந்துபோனது.

மெக்லாரன் அணி மட்டும் பிழைத்தது. டெடி மேயர் தலைமையில் ஃபார்முலா 1-ல் கவனம் குவித்து, 1974-ல் எமர்சன் ஃபிட்டிபால்டி மூலம் முதல் உலக பட்டத்தை வென்றது. நிறுவனர் இறந்து 4 ஆண்டு கழித்து.

நம்மூரில் இப்படி ஒருவர்

புரூஸ் கதையைப் படிக்கும்போது கோவை எஸ். கரிவரதன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். சென்னை அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய முடிந்தவர்களுக்கே வாய்ப்பு என்ற நிலை இருந்தது. கரிவரதன் மாருதி எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கை ஃபார்முலா காரை இங்கேயே கட்டினார். பெரிய கம்பெனியின் எஞ்சின், சொந்தப் பட்டறையின் சேஸிஸ். அதே ஃபார்முலா.

அந்த ஃபார்முலா மாருதி கார்களில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயக் களம் இன்று கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

புரூஸ் தன் பெயரைக் காரிலேயே எழுதிவிட்டுப் போனார். அவர் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனதே இல்லை. ஆனா அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், ஒவ்வொரு கிராண்ட் ப்ரீ ஞாயிறும் பப்பாளி நிறத்தில் அந்தப் பெயர் ஸ்டார்ட்டிங் வரிசையில் வந்து நிற்கிறது.